உப்புக் காத்துல கிட்டார் கீ மக்கர் பண்ணுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கேலை எடுங்க!

ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், மிக்ஸி ஸ்க்ரூ... ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களிடம் எது முதலில் துருப்பிடிக்கும் என்று கேட்டால், இப்படி ஒரு பட்டியலே வாசிப்பார்கள். அதில் சத்தமில்லாமல் சேரும் இன்னொரு பொருள், கிட்டாரின் ட்யூனிங் கீ.

கிட்டாரின் தலைப்பகுதியில் இருபக்கமும் மூன்று மூன்றாக இருக்கும் திருகுகள்தான் இவை. ஸ்ட்ரிங்கை இறுக்கி, தளர்த்தி, சுருதி சேர்ப்பது இவற்றின் வேலை. கடைகளில் 'கீ' என்பார்கள். 'மெஷின் ஹெட்' என்றும் சொல்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குவயர், சனிக்கிழமை கல்யாண ரிசப்ஷன், நடுவில் ஒரு கானா மேடை என ஒரே கிட்டாரை நம்பி ஓடும் ஒருவருக்கு, பாட்டின் நடுவே கீ வழுக்கினால் அந்த ராத்திரியே போச்சு!

"கீ தானே, புதுசு போட்டுடலாம்" என்று கிளம்புபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். பொருந்தாத கீயை வாங்கிவந்து, அது உட்காரவில்லை என்று ட்ரில் மெஷினால் ஓட்டையைப் பெரிதாக்கினால், கிட்டாரின் தலையே பாழ். தப்பான கீயைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டை போட்ட மரத்தை மாற்ற முடியாது. அதனால், என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதை, இருப்பதிலேயே நாசூக்கான ஃபிளமென்கோ கிட்டாரை வைத்தே பார்த்துவிடலாம். கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

அங்கேயும் துறைமுகம்தான்!

ஃபிளமென்கோ, ஸ்பெயினின் தென்கோடியான அந்தலூசியாவில் பிறந்த இசை. அரண்மனையில் வளர்ந்த இசை அல்ல. காடிஸ் துறைமுகம், செவில் நகரத்தின் ஆற்றங்கரைப் பகுதியான திரியானா போன்ற உழைப்பாளிகளின் குடியிருப்புகளில் வளர்ந்தது. 'மார்த்தினேத்தே' என்ற பாட்டு வகைக்குக் கிட்டாரே கிடையாது. கொல்லன் பட்டறையின் சுத்தியல் சத்தம்தான் தாளம்! உலகப் புகழ்பெற்ற ஃபிளமென்கோ கலைஞர் பாக்கோ தெ லூசியா (1947 - 2014) பிறந்ததும் அல்ஹெசிராஸ் என்ற துறைமுக ஊரில்தான். 2010-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஃபிளமென்கோவைச் சேர்த்தது.

துறைமுகம், பட்டறை, உழைப்பாளிகளின் பாட்டு... எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? கானா பிறந்து வளர்ந்த வட சென்னைக்கும் இதே முகவரிதான். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது, கானா பாடகர்களோடு கிட்டாரும் டிரம்ஸும் சரிசமமாக நின்றன.

ஃபிளமென்கோ கிட்டார் வட சென்னையில் வீட்டுக்கு வீடு இருக்காது. கப்பல் வேலைக்குப் போன உறவினர் வாங்கி வந்தது, செகண்ட் ஹேண்டில் அமைந்தது என எங்காவது ஒன்று இருக்கும். ஆனால், இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினாரே, அந்த கிளாசிக்கல் கிட்டார் இதன் கூடப்பிறந்தது. இரண்டிலும் நைலான் ஸ்ட்ரிங். இரண்டின் தலையிலும் நடுவே இரண்டு நீளமான பிளவுகள். ஒரு தகட்டில் மூன்று கீ என இரண்டு தகடுகள். கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலரின் கையில் முதலில் இருப்பது இந்த வகைதான்.

வீணை பிரடையும் ஃபிளமென்கோ பிரடையும்

பழைய ஃபிளமென்கோ கிட்டார்களில் இரும்போ பித்தளையோ கிடையாது. வீணையிலும் வயலினிலும் இருப்பதுபோல மரப் பிரடைதான். ஓட்டைக்குள் மரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவே.

வட சென்னைக்கு இது புது விஷயமே இல்லை. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் திருவொற்றியூர்க்காரர். கர்னாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடியான பாலுஸ்வாமி தீட்சிதரின் குடும்பம், பக்கத்து மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்தது. அந்த வீணையும் வயலினும் பிரடையை நம்பித்தான் சுருதி சேர்ந்தன.

ஃபிளமென்கோகாரர்கள் பிரடையை விரும்பியதற்குக் காரணம் எடை. சைப்ரஸ் மரத்தில் மெலிசாகச் செய்யப்படும் உடல் அது. தலையில் கனமான உலோகத்தை மாட்டினால், கிட்டார் கழுத்துப் பக்கமாகச் சாயும். ஆனால், மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நம்மூரில் ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் பிரடை, பங்குனி வெயிலில் வழுக்கும். அதனால் இன்று பெரும்பாலான ஃபிளமென்கோ கிட்டார்களில் பல்சக்கர கீதான். இங்கேயும் கையடக்க வீணைகள் பலவற்றில் கிட்டார் கீ வந்துவிட்டது.

உங்களிடம் இருப்பது பிரடை வைத்த பழைய கிட்டார் என்றால், ஒரு வேண்டுகோள். அதன் தலையை அறுத்துப் பிளவு போட்டு, பல்சக்கர கீ மாட்டாதீர்கள். திரும்ப வராத காரியம் அது. பார்க்கப் பிரடை போலவே இருந்து, உள்ளே குட்டிப் பல்சக்கரங்கள் ஒளிந்திருக்கும் நவீன பிரடைகள் வந்துவிட்டன. மரத்தைச் சற்றே இழைத்தால் அவை உட்கார்ந்துவிடும். வயலின் ரிப்பேர் தெரிந்தவர் இந்த வேலையைச் செய்வார்.

நிஜக் குற்றவாளி கீ தானா?

சுருதி நிற்கவில்லை என்றதும் பழி கீ மேல் விழும். ஆனால், பல நேரம் தப்பு வேறு இடத்தில் இருக்கும். காசு செலவழிக்கும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

* ஸ்ட்ரிங் புதுசா? நைலான் இழுபடும். புது செட் போட்டால் சில நாள்களுக்குச் சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இது கீயின் தப்பில்லை.

* முடிச்சு வழுக்குகிறதா? பிரிட்ஜில் கட்டும் முடிச்சும், மேலே உருளையில் சுற்றும் சுற்றும் சரியில்லை என்றால் ஸ்ட்ரிங் மெல்ல நழுவும். அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினால் போதும்.

* 'டிக்' சத்தம் வருகிறதா? கீயைத் திருகும்போது 'டிக்' என்று கேட்டு, சுருதி குதித்தால், ஸ்ட்ரிங் 'நட்'டில் சிக்குகிறது என்று அர்த்தம். கழுத்தின் உச்சியில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பட்டைதான் நட். அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையால் கொஞ்சம் தேய்த்தால் வழவழப்பாகிவிடும்.

* ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா? தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, பல்சக்கரத்தின் நடு ஸ்க்ரூ இரண்டையும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக இறுக்கிப் பாருங்கள். பல கீகள் இதிலேயே பிழைத்துவிடும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு குமிழை ஆட்டிப் பாருங்கள். குமிழ் கொஞ்ச தூரம் சுற்றியும் உருளை அசையவில்லையா? பட்டறைக்காரர்கள் 'ப்ளே' என்பார்களே, அதுதான். கொஞ்சம் ப்ளே எல்லா கீயிலும் இருக்கும். அதனால்தான் எப்போதும் சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் பல் தேய்ந்து நழுவினாலோ, உருளை வளைந்திருந்தாலோ, குமிழ் வெடித்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உப்புக் காற்று என்ன செய்கிறது?

கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மலிவான கீயின் பளபளப்பு வெறும் மேல்பூச்சு. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உப்புநீர் உள்ளே போய்விடும். அடியில் இருப்பது இரும்பு என்றால் செந்துரு. பித்தளை என்றால் பச்சைக் களிம்பு. துத்தநாகக் கலவை வார்ப்பு என்றால் வெள்ளைப் பொடி. நிறத்தைப் பார்த்தே உங்கள் கீ எந்த உலோகம் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பித்தளைத் தகட்டில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால், உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அடி வாங்குவது இரும்பு. தகடு நன்றாக இருக்கும்போதே ஸ்க்ரூ தலை துருப்பிடித்து உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வட சென்னையில் கடலோடு தொழிற்சாலைப் புகையும் சேர்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்ஸைடு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிப்பை வேகப்படுத்தும். அதனால் இங்கே கீ வாங்கும்போது, "பார்க்க எப்படி இருக்கு" என்பதைவிட, "எதில் செய்தது" என்ற கேள்விதான் முக்கியம்.

35 - இதுதான் மந்திர எண்!

"அண்ணே, கிட்டார் கீ வேணும்."

"எந்த சைஸ் தம்பி?"

இந்த இடத்தில்தான் பலரும் முழிப்பார்கள். கடைக்குப் போகும் முன் பழைய தகட்டைக் கழற்றி, இந்த அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். பழைய தகட்டையே கையோடு எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

உருளைகளின் இடைவெளி: ஓர் உருளையின் மையத்திலிருந்து அடுத்த உருளையின் மையம் வரை உள்ள தூரம். இன்றைய நைலான் கிட்டார்களில் பெரும்பாலும் 35 மி.மீ. இருக்கும். சில பழைய ஸ்பானிஷ் கிட்டார்களில் 39 மி.மீ. வரும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அளப்பதைவிட, முதல் உருளையிலிருந்து மூன்றாவது வரை அளந்து இரண்டால் வகுங்கள். தப்பு குறையும். 70 வந்தால் 35, 78 வந்தால் 39. இந்த எண் ஒத்துவரவில்லை என்றால், எவ்வளவு அழகான கீயாக இருந்தாலும் வேண்டாம்.

உருளையின் தடிமன்: நைலான் கிட்டாரில் உருளை பெரும்பாலும் 10 மி.மீ. இருக்கும். ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாரின் கம்பம் இதைவிட மெலிசு. ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாது.

உருளையின் நீளம்: உருளையின் முனை, தலையின் நடு மரத்தில் இருக்கும் குழியில் உட்கார வேண்டும். நீளம் அதிகமானால் தகடு மரத்தோடு படியாது. குறைந்தால் முனை அந்தரத்தில் நின்று, நாளடைவில் வளையும்.

தகடும் ஸ்க்ரூ ஓட்டையும்: தகட்டின் நீளம், அகலம், ஸ்க்ரூ ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு தாளில் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பழைய தகட்டின் தடம் வெளியே தெரியாமல் புது தகடு மூடுமா என்பதும் தெரிந்துவிடும்.

மேலா, கீழா: குமிழோடு சேர்ந்த திருகுக்கம்பி, உருளைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். புதியதும் அதேபோல இருக்கட்டும். இடது, வலது தகடுகளை மாற்றி மாட்டினால், திருகும் திசை தலைகீழாகிவிடும்.

ஸ்கேலில் மி.மீ. துல்லியம் வரவில்லையா? கவலை வேண்டாம். 1956-ல் புல்லட் உற்பத்தி தொடங்கிய திருவொற்றியூர், 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய லேலண்டின் எண்ணூர் என இந்தப் பகுதி முழுக்க லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வெர்னியர் கேலிப்பர் இல்லாத லேத் பட்டறை கிடையாது. அஞ்சு நிமிஷ வேலை!

14-க்கு 1, 18-க்கு 1... எது நல்லது?

கீயின் உள்ளே இருப்பது வார்ம் கியர். குமிழைத் திருகினால் பல்சக்கரம் சுற்றும். ஆனால் ஸ்ட்ரிங் எவ்வளவு இழுத்தாலும் பல்சக்கரத்தால் குமிழைத் திருப்பிச் சுற்ற முடியாது. அதனால்தான் சுருதி நிற்கிறது. நைலான் செட் ஒன்றின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ. அதை இந்தக் குட்டிச் சக்கரங்கள் ஆறும் ராத்திரி பகலாகப் பிடித்து நிற்கின்றன.

14:1 என்றால் குமிழை 14 முறை சுற்றினால் உருளை ஒரு முறை சுற்றும். 16:1, 18:1 வகைகளும் உண்டு. எண் கூடக்கூட நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம். ஆனால் ஸ்ட்ரிங் மாற்றும்போது அதிகம் சுற்ற வேண்டும். இதில் ஒரு உண்மையை மறக்கக் கூடாது. பற்கள் சரியாகக் கடையப்படாத 18:1 கீயைவிட, சுத்தமாகச் செய்த 14:1 கீ மேல். பெட்டியில் அச்சடித்த எண்ணைவிட உங்கள் விரல்தான் நம்பகமானது. கடையில் ஆறு குமிழையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். எங்கும் சிக்காமல், எங்கும் தொளதொளக்காமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

எந்த உலோகம்... எந்த பிராண்ட்?

கடலோரத்துக்கு ஏற்றது திடமான பித்தளைத் தகடும் பித்தளைப் பல்சக்கரமும். பித்தளையில் களிம்பு ஏறும், கறுக்கும். ஆனால் இரும்பைப்போல உதிர்ந்துபோகாது. பூச்சு இல்லாத பித்தளை பார்க்கப் பழசாகத் தெரிந்தாலும் நீண்ட நாள் உழைக்கும். தங்க நிறப் பூச்சு வேண்டும் என்றால், அடியில் என்ன உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் கொண்டுபோனால் இரும்பா, பித்தளையா என்று அங்கேயே தெரிந்துவிடும். உருளையின் நடுவே ஓடும் கம்பி மட்டும் இரும்பாக இருப்பது சகஜம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குமிழ், பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் வரும். ஃபிளமென்கோ கிட்டாருக்கு எடை குறைவான குமிழே நல்லது. கனமான வார்ப்பு கீயைத் தவிர்த்துவிடலாம்.

ஜப்பானின் கோட்டோ, ஜெர்மனியின் ஷாலர், ஸ்பெயினின் ஃபுஸ்தேரோ ஆகியவை இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். சில நூறு ரூபாயில் தொடங்கி, பல ஆயிரம் வரை விலை போகும். எல்லோருக்கும் விலை உயர்ந்தது தேவையில்லை. கிட்டாரின் விலையில் பாதிக்குக் கீ வாங்குவதில் அர்த்தமில்லை. பழகும் பிள்ளையின் கிட்டாருக்கு, அளவு சரியாக இருக்கும் நடுத்தர பித்தளை கீ தாராளமாகப் போதும். நேரில் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கு, 1842-ல் தொடங்கிய பாரம்பர்யம் கொண்ட அண்ணா சாலை 'மியூஸி மியூஸிகல்' உட்பட நகரில் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. ஆன்லைனில் வாங்குபவர்கள், அளவுகளை மி.மீட்டரில் போடாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க

ஆறு ஸ்ட்ரிங்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இறுகிய ஸ்ட்ரிங்கைக் கத்தரித்து எறியாதீர்கள். ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி, புதியதை ஸ்க்ரூ போடாமல் வெறும் கையால் செருகிப் பாருங்கள். மூன்று உருளையும் சுலபமாக உள்ளே போய், தகடு மரத்தோடு படிய வேண்டும். அழுத்திச் செருக வேண்டியிருந்தால் அளவில் எங்கோ தப்பு.

ஸ்க்ரூ ஓட்டை மட்டும் தள்ளியிருந்தால் பிரச்னையில்லை. பழைய ஓட்டையில் மரப் பசை தடவிய பல்குத்தும் குச்சியைச் செருகி, ஒருநாள் காயவிட்டு, மட்டமாக நறுக்கிவிடுங்கள். புது இடத்தில் மெலிசான ட்ரில் பிட்டால் சின்ன வழி போட்ட பிறகே ஸ்க்ரூ. பித்தளை ஸ்க்ரூ மென்மையானது. வேகமாகத் திருகினால் தலை உடைந்துவிடும். அதன் புரியில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். உருளை போகும் பெரிய ஓட்டையைப் பெரிதாக்கவோ நகர்த்தவோ வேண்டிவந்தால், அது வீட்டில் செய்யும் வேலையே இல்லை. கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று... கீ புதுசு என்ற தைரியத்தில் ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டுவிடாதீர்கள். அதன் இழுவிசை நைலானைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கீ தாங்கினாலும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

புளி வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம்!

பித்தளை என்றதும் குத்துவிளக்கு ஞாபகத்தில் புளியை எடுத்துவிடாதீர்கள். புளியின் அமிலம் மேல்பூச்சை அரிக்கும். ஈரம் மரத்துக்குள் இறங்கும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் கூடாது. அவற்றில் சிலவற்றில் அமோனியா உண்டு. பித்தளைக்கு அது ஜென்ம விரோதி. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல்விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைக்கும். அதற்குப் பதில் தையல் மெஷின் ஆயிலைக் குச்சி முனையில் தொட்டு, பல்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

கடற்கரைப் பக்கம் வாசித்துவிட்டு வந்தால், உலர்ந்த பருத்தித் துணியால் கீயைத் துடைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், கிட்டார் பெட்டிக்குள் போட்டுவைக்கலாம். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய கீயையும் ஸ்க்ரூக்களையும் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். ஒரு குமிழ் உடைந்தால், ஒரு ஸ்க்ரூ தொலைந்தால் அதுவே கைகொடுக்கும். நாளை கிட்டாரை விற்பதென்றாலும், ஒரிஜினல் கீ கூடவே இருந்தால் கேட்கும் விலைக்கு ஒரு நியாயம் இருக்கும்.